நண்பர்கள் உங்களிடம் பாட்டு கேட்கிறார்களா? அப்போது நீங்கள் கேட்பதை நிறுத்திவிடாதீர்கள்

ஒவ்வொரு நண்பர் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். காரில் ஏறியதும் போனை அவர் கையில் கொடுத்து "நீயே போடு" என்று விட்டுவிடுவார்கள். அக்கா கல்யாண வீடியோவுக்கு எந்தப் பாட்டு வைக்கலாம், ராத்திரி தூக்கம் வரவில்லை என்றால் எதைக் கேட்கலாம், டீக்கடையில் ஓடும் இந்தப் பாட்டு எந்தப் படம் என்று எல்லாக் கேள்வியும் அவரிடம்தான் வரும். எங்கள் கூட்டத்தில் பதினைந்து வருடமாக அது நான். இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதை மறைக்க ஒன்றுமில்லை. ஒருவருக்கு அவருடைய பாட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்து, அவர் மறுநாள் காலையில் "நேத்து அதையே பத்து தடவை கேட்டேன்டா" என்று சொல்லும்போது கிடைக்கிற சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை.

ஆனால் இந்த இடத்தில் ஒரு ஆபத்தும் உண்டு. அது எனக்குத் தெரிந்தது ஒரு கல்யாணத்துக்காகத் திருநெல்வேலி போகும் வழியில். ஆறு பேர், ஒரு வண்டி, வழக்கம்போல நான்தான் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தேன். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியதும் பின் சீட்டிலிருந்து நண்பனின் தம்பி, காலேஜ் இரண்டாம் வருடம் படிப்பவன், ரொம்ப மரியாதையாகக் கேட்டான்: "அண்ணே, எல்லாம் சூப்பரா இருக்கு. இந்த வருஷம் வந்ததுல உங்களுக்குப் பிடிச்சது ஒண்ணு போடுங்களேன்." போனை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். நான் கடைசியாகப் புதிதாகச் சேர்த்து வைத்த பாட்டு இரண்டு வருடத்துக்கு முந்தையது. நடுவில் இருந்த இரண்டு வருடமும் தெரிந்த பாட்டுகளையே தெரிந்தவர்களுக்குப் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

இது ஏன் நடக்கிறது என்று அப்புறம் நிறைய யோசித்தேன். நண்பர்கள் நம்மிடம் கேட்பது நமக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான். அதைச் சொன்னால் பாராட்டு கிடைக்கிறது, எனவே அதையே திரும்பச் சொல்கிறோம், புதிதாகத் தேட வேண்டிய தேவை எந்தப் பக்கத்திலிருந்தும் வருவதில்லை. ஒரு கட்டத்தில் நாம் பாட்டு கேட்பவராக இல்லாமல் பாட்டு போடுபவராக மட்டும் ஆகிவிடுகிறோம். அதிலிருந்து வெளியே வர நான் செய்ததையும், இப்போதும் செய்துகொண்டிருப்பதையும்தான் கீழே எழுதுகிறேன்.

பெயரைப் பிடித்துக்கொண்டு போங்கள்

எல்லாவற்றையும்விட எனக்கு அதிகம் உதவியது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். ஒரு பாட்டு பிடித்தால் பாடியவர், இசையமைப்பாளர் என்ற இரண்டோடு நிறுத்தாமல் அதில் வாசித்தவர் யார் என்று தேடுங்கள். வாசிப்பவர்கள் ஊர் விட்டு ஊர், மொழி விட்டு மொழி போகிறவர்கள். அவர்கள் பின்னால் போனால் நம் ரசனை தானாகவே போக முடியாத இடங்களுக்குப் போய்ச் சேரலாம்.

ஒரு உதாரணம். எண்பதுகளில் தூர்தர்ஷனில் வந்த மால்குடி டேஸ் தொடரின் முகப்பு இசை, நம்மில் பலருக்கு இன்றும் வாயில் தானாக வரும். அதற்கு இசை எல். வைத்தியநாதன். பாரதியார் பாடல்களை வைத்தே 1982-இல் வந்த ஏழாவது மனிதன் படத்துக்கும் அவர்தான் இசை. சரி, அவர் யார் என்று பார்த்தால் ஒரு வயலின் குடும்பம். அப்பா வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர், 1958 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் சென்னைக்கு வந்துவிட்டது. வைத்தியநாதனின் தம்பிகள் இருவர், எல். சுப்ரமணியம், எல். சங்கர். அந்த எல். சங்கர்தான் எழுபதுகளில் ஆங்கிலேய ஜாஸ் கிடார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினோடு சேர்ந்து சக்தி என்ற குழுவில் வயலின் வாசித்தவர். தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம். 1976-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தை நான் கேட்டது மால்குடியில் ஆரம்பித்த இந்த வழியாகத்தான். அதற்கு முன்னால் யாராவது "ஜாஸ் கேளு" என்று சொல்லியிருந்தால் நான் தலையாட்டிவிட்டு விட்டிருப்பேன். இதில் கடமும் வயலினும் நமக்குத் தெரிந்த பேச்சைப் பேசுகின்றன, கிடார் அதற்குப் பதில் சொல்கிறது. எனவே பயமில்லாமல் உள்ளே போக முடிந்தது.

அங்கிருந்து விக்குவைப் பிடித்துக்கொண்டு போனேன். மிக்கி ஹார்ட் என்ற அமெரிக்க டிரம்ஸ் கலைஞர் 1991-இல் பிளானட் டிரம் என்று ஒரு ஆல்பம் செய்தார், உலக இசைக்கென்று முதன்முதலில் கொடுத்த கிராமி விருது அதற்குத்தான் போனது. அதில் ஜாகிரும் விக்குவும் இருக்கிறார்கள், கூடவே நைஜீரியாவின் பாபதுண்டே ஒலதுஞ்சி, சிகிரு அடெபோஜு, பிரேசிலின் ஐர்ட்டோ மொரெய்ரா. சிகிருவின் கையில் இருப்பது பேசும் மேளம், கயிற்றை அழுத்த அழுத்தச் சுருதி ஏறி இறங்கும். நம் உடுக்கையும் அதே மாதிரி இடுப்பில் கயிற்றை இறுக்கித்தான் குரலை மாற்றுகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. குலதெய்வக் கோயில் கொடையில் சின்ன வயதில் கேட்ட உடுக்கைச் சத்தத்தை நான் அதன் பிறகுதான் ஒழுங்காகக் கேட்க ஆரம்பித்தேன்.

இந்த நூல் அங்கேயும் முடியவில்லை. சக்தி குழு பல வருடம் கழித்து மறுபடி கூடிச் செய்த ஆல்பத்துக்கு 2024-இல் கிராமி கிடைத்தது. அதில் பாடியவர் நம் ஷங்கர் மகாதேவன், கஞ்சிரா வாசித்தவர் விக்குவின் மகன் செல்வகணேஷ். அந்தச் செல்வகணேஷ்தான் 2009-இல் வந்த வெண்ணிலா கபடி குழு படத்துக்கு இசையமைத்தவர். "லேசா பறக்குது" பாட்டை நீங்கள் எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்! மால்குடியில் கிளம்பி யாழ்ப்பாணம், அமெரிக்கா, நைஜீரியா எல்லாம் சுற்றி மறுபடி நம் ஊர்க் கபடிக் களத்துக்கே வந்தாயிற்று. இந்தச் சுற்றுக்கு எனக்கு ஏறக்குறைய நான்கு மாதம் ஆனது. அவசரமே படவில்லை.

இதற்கு வேண்டியது ஒரு நோட்டு. போனில் குறித்துக்கொண்டாலும் சரிதான், எனக்குக் காகிதம்தான் ஒத்துவருகிறது. ஒரு பக்கத்தின் நடுவில் பாட்டு, அதிலிருந்து கோடு போட்டு வாசித்தவர் பெயர், அங்கிருந்து அவர் வாசித்த இன்னொன்று. இளையராஜாவின் 1986 ஆல்பமான ஹவ் டு நேம் இட் கேட்டு வயலினில் மயங்கியவர்கள் வி.எஸ். நரசிம்மன் என்று எழுதிக்கொண்டு அவர் நடத்திய மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட் வரைக்கும் போகலாம். பம்பாய் படத்தின் தீம் இசையில் புல்லாங்குழல் நவீன் குமார். ரஹ்மான் பாட்டுகளில் பேஸ் கிடார் உங்களைத் தொந்தரவு செய்தால் கீத் பீட்டர்ஸ் என்ற பெயரைத் தேடிப் பாருங்கள்.

ஆப்களில் பாட்டின் பக்கத்தில் மூன்று புள்ளியைத் தட்டினால் கிரெடிட்ஸ் வரும். புதிய பாட்டுகளுக்கு அது பெரும்பாலும் உபயோகமாக இருக்கும். பழைய சினிமாப் பாட்டுகளுக்கு அதை நம்ப வேண்டாம், பாதிப் பாட்டுக்குப் பாடியவர் பெயரே சரியாக இருக்காது. படத்தின் டைட்டில் கார்டு யூடியூபில் இருக்கும், இசைத்தட்டு உறையின் போட்டோவையும் யாராவது போட்டிருப்பார்கள், இரண்டையும் பார்த்துவிடுங்கள். எம்ஜிஆர் படம் என்பதாலேயே "ஆயிரம் நிலவே வா" எம்.எஸ். விஸ்வநாதன் போட்டது என்று சொல்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 1969-இல் வந்த அடிமைப்பெண், இசை கே.வி. மகாதேவன். மகாதேவனின் உழைப்பை இன்னொருவர் கணக்கில் எழுதக்கூடாது, நண்பர்கள் நம்மை நம்பிக் கேட்கிறார்கள் என்பதால் இந்தக் கவனம் நமக்கு இரண்டு மடங்கு வேண்டும். இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் படம், பாடியவர், எழுதியவர், இசை என்று சொல்லிவிட்டுத்தான் ஊசியை வைப்பார்கள். கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது குரல்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் வாலியையும் கண்ணதாசனையும் பிரித்துச் சொன்னார்கள் என்றால் அதற்கு இந்தப் பழக்கம் ஒரு பெரிய காரணம்.

ஆப் கொடுப்பது உங்கள் நிழலை

நீங்கள் கேட்டதைப் போலவே இருக்கும் இன்னொன்றைத்தான் ஆப் எடுத்துக் கொடுக்கும். அது தப்பில்லை, ஆனால் ஒரு கிணற்றுக்குள்ளேயே சுற்றிவர வைக்கும். மூன்று விஷயம் செய்யுங்கள். காரிலும் பார்ட்டியிலும் மற்றவர்களுக்காகப் போடும்போது ப்ரைவேட் செஷன் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள், அப்போது அந்தப் பாட்டுகள் ஆப் உங்களுக்குத் தரும் பரிந்துரைகளைப் பெரும்பாலும் கலைக்காது. ஒருவரைப் புதிதாகக் கேட்கும்போது அதிகம் கேட்கப்பட்ட ஐந்து பாட்டைத் தட்டாமல் அவருடைய பழைய ஆல்பம் எதுவென்று கீழே போய்ப் பார்த்து, ஷஃபிளை அணைத்துவிட்டு, முதலிலிருந்து கடைசிவரை கேளுங்கள். புதிதாக ஒன்றை மூன்று தடவை கேட்காமல் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள், மூன்றும் ஒரே நாளில் வேண்டாம். கானா எனக்கு மூன்றாவது தடவையில்தான் திறந்தது. அதுவரை சத்தமும் கேலியும் மட்டும்தான் காதில் விழுந்தது. வடசென்னையில் சாவு வீட்டில் இரவு முழுக்கப் பாடும் மரண கானாவை ஒரு நண்பன் உட்காரவைத்துக் கேட்கச் செய்த பிறகுதான் அந்தத் தாளத்துக்குள் எத்தனை துக்கம் இருக்கிறது என்று தெரிந்தது. அதன் பிறகு கானாவையும் ராப்பையும் ராக்கையும் கலந்து பாடும், 2018 ஜனவரியில் முதல் கச்சேரி நடத்திய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற சென்னைக் குழுவின் பாட்டுகளைக் கேட்டபோது எனக்கு எதுவும் அந்நியமாக இல்லை.

தமிழில் புதிது என்றால் சினிமா மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். மலேசியாவிலிருந்து யோகி பி குழு 2006-இல் வல்லவன் ஆல்பத்தைக் கொண்டுவந்தபோது இங்கே ராப் என்பது படத்தில் ஒரு பாட்டுக்கு நடுவே வந்துபோகும் விஷயமாகத்தான் இருந்தது. அதே காலத்தில் லண்டனிலிருந்து ஈழத் தமிழ்க் குடும்பத்துப் பெண் எம்.ஐ.ஏ. 2005-இல் தன் முதல் ஆல்பத்துக்குத் தன் அப்பாவின் பெயரான அருளர் என்பதையே வைத்திருந்தார். நம் ஆட்கள் எங்கெங்கோ இருந்துகொண்டு என்னென்னவோ செய்கிறார்கள், நாம் தேடிப் போக வேண்டும்.

நேரில் கேட்பதை விட்டுவிடாதீர்கள். மார்கழியில் சென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பெரிய பெயர்களின் மாலைக் கச்சேரிக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்று வருத்தப்படுவதைவிட, மதியம் பல சபாக்களில் இலவசமாக நடக்கும் இளைஞர்கள் கச்சேரிக்குப் போய் உட்காருங்கள். கூட்டம் குறைவாக இருக்கும், முன் வரிசையில் இடம் கிடைக்கும், மிருதங்கக்காரரின் விரல் வரைக்கும் தெரியும். ஊரில் இருப்பவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கோயில் திருவிழா. நாதஸ்வரத்தைப் போனில் கேட்பதும், சாமி புறப்பாட்டின்போது பத்தடி தூரத்தில் நின்று கேட்பதும் ஒன்றே அல்ல, அது திறந்தவெளிக்காகவே செய்த வாத்தியம். கொஞ்சும் சலங்கை படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம் போட்டி போடும் "சிங்கார வேலனே தேவா"வைக் கேட்டுவிட்டுத் திருவிழாவுக்குப் போங்கள், காது வேறு மாதிரி வேலை செய்யும்.

கொடுக்கும்போது ஒன்றே ஒன்று

இனி நண்பர்கள் பக்கம். யாராவது "நல்ல பாட்டு சொல்லுடா" என்றால் முப்பது பாட்டு உள்ள பட்டியலை அனுப்பாதீர்கள், யாரும் கேட்கமாட்டார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் அனுப்பினேன், "அப்புறம் கேக்குறேன்" என்ற பதிலுக்கு மேல் எதுவும் வந்ததில்லை. இப்போது ஒரே ஒரு பாட்டு. கூடவே ஒரு வரி: "ரெண்டாவது நிமிஷத்துக்கு மேல புல்லாங்குழல் வரும், அதுக்கு முன்னாடி நிறுத்திடாத." அவ்வளவுதான். எந்த நேரத்தில் கேட்க வேண்டும் என்பதையும் சொல்லலாம். ஈசிஆரில் ராத்திரி வண்டி ஓட்டும்போது பிரமாதமாக இருக்கும் பாட்டு, மத்தியானம் ஆபீஸ் கேண்டீனில் சும்மா கடந்துபோய்விடும்.

முதலில் அவருக்கு என்ன பிடிக்கும் என்று கேளுங்கள். அந்த இடத்திலிருந்து ஒரு படி மட்டும் தள்ளி நில்லுங்கள். என் நண்பன் ஒருவனுக்கு சுப்ரமணியபுரம் படத்தின் "கண்கள் இரண்டால்" உயிர். கர்நாடக சங்கீதம் என்று பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுவான். அவனுக்கு 1977-இல் பாலமுரளிகிருஷ்ணா பாடிய "சின்னக்கண்ணன் அழைக்கிறான்" பாட்டை அனுப்பி, இரண்டிலும் ஒரே சாயல் தெரிகிறதா என்று மட்டும் கேட்டேன். ராகத்தின் பெயரைச் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து "ஆமாடா, அதே வீட்டுப் பிள்ளைங்க மாதிரி இருக்கு" என்றான். அடுத்து முதல்வன் படத்தின் "அழகான ராட்சசியே". ஒரு வாரம் விட்டேன். அவனே கேட்டான், "இது என்னடா, பேர் ஏதாவது இருக்கா?" அப்போதுதான் ரீதிகௌளை என்று சொல்லி, சுப்பராய சாஸ்திரியின் "ஜனனி நினுவினா" கீர்த்தனையைக் கொடுத்தேன். முழுவதும் கேட்டிருக்கிறான். எழுந்து போகவில்லை. நான் முதல் நாளே ரீதிகௌளை, இத்தனையாவது மேளகர்த்தாவின் ஜன்யம் என்று ஆரம்பித்திருந்தால் இது நடந்திருக்காது.

"இதுகூடத் தெரியாதா?" என்ற கேள்வியை வாயிலிருந்தே எடுத்துவிடுங்கள். ஒருவருக்குப் பிடித்த பாட்டை மட்டம் தட்டவும் வேண்டாம். அந்தப் பாட்டு அவருக்கு எந்த பஸ்ஸில், யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது கேட்டது என்று நமக்குத் தெரியாது. ராஜாவா ரஹ்மானா என்ற சண்டை வந்தால் நான் இருவரின் ஒவ்வொரு பாட்டைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறேன், இரண்டு மணி நேரப் பேச்சில் போகும் நேரத்துக்கு இருபது பாட்டு கேட்டுவிடலாம்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். "தெரியல, கேட்டுட்டு சொல்றேன்" என்பதை நான் இப்போது வாரத்துக்கு இரண்டு தடவையாவது சொல்கிறேன். சொன்னால் கேட்டுவிட்டுப் பதிலும் சொல்ல வேண்டும், அது முக்கியம்.

வாங்கவும் வேண்டும். திருநெல்வேலி பயணத்துக்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட வழக்கம் இது: யாருக்காவது ஒரு பாட்டு கொடுத்தால் அவரிடமிருந்து ஒன்று வாங்காமல் விடமாட்டேன். பின் சீட்டில் இருந்த அந்தத் தம்பி இப்போது மாதத்துக்கு ஒரு பாட்டு அனுப்புகிறான். பாதி எனக்குப் புரிவதில்லை, மீதியில் இரண்டு மூன்று என் நோட்டில் புதுப் பக்கமே திறந்திருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் இதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன், அந்த ஒரு மணி நேரத்தில் எனக்கு ஏற்கெனவே தெரிந்த எதையும் போடுவதில்லை.

வயதானவர்களிடமும் கேளுங்கள். அவர்களிடம் இருப்பது எந்த ஆப்பிலும் இல்லை. போன பொங்கலுக்கு ஒரு நண்பனின் ஊருக்குப் போயிருந்தபோது அவனுடைய அப்பத்தாவிடம் "ஆத்தா, நடவுக்குப் போறப்ப என்ன பாடுவீங்க?" என்று கேட்டேன். முதலில் வெட்கப்பட்டார், அப்புறம் வெற்றிலையை ஒதுக்கிவிட்டு எட்டு அடி பாடினார், கூட இருந்த இன்னொரு பாட்டி ஒவ்வொரு அடிக்கும் பின்பாட்டு. அனுமதி கேட்டுவிட்டுப் போனில் பதிவு செய்தேன். வார்த்தைகளை எழுதி வைத்திருக்கிறேன். மூன்றாவது அடியில் கோழி கூவுகிற சத்தத்தில் ஒரு சொல் மட்டும் அமுங்கிவிட்டது. தை பிறந்ததும் போய் மறுபடி பாடச் சொல்லிக் கேட்க வேண்டும்.